தமனியா, சிரையா, நிணநீர்க்குழாயா? இதயச் சுவரில் உள்பக்கம் எது? ஸ்லைடைப் படிக்கும் முறை

கேட்டவர் மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர். திசுவியல் செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. "தமனி, சிரை, நிணநீர்க்குழாய் மூன்றும் எனக்கு இளஞ்சிவப்பு வளையமாகத்தான் தெரிகின்றன. இதயச் சுவரில் எது உள்பக்கம் என்றே பிடிபடவில்லை. அட்டவணையை மனப்பாடம் செய்தும், ஸ்லைடை மாற்றி வைத்தால் தடுமாறிப்போகிறேன். எப்படிப் பார்ப்பது?" என்பது அவர் கேள்வி.

முதலில் அந்த அட்டவணையை மூடி வையுங்கள். ஒரு குழாய் கண்ணில் பட்டதும் "இதன் பெயர் என்ன?" என்று தேடாமல், "இந்தச் சுவர் எவ்வளவு அழுத்தம் தாங்கியிருக்கும்?" என்று கேளுங்கள். பெருந்தமனியில் அழுத்தம் 120/80 மி.மீ. பாதரசம். சிறுதமனிகளைத் தாண்டித் தந்துகிக்கு வரும்போது 35க்குக் கீழே இறங்கிவிடும். பெருஞ்சிரை, இதய மேலறையான ஏட்ரியத்தில் சேருமிடத்தில் கிட்டத்தட்ட பூஜ்யம். நிணநீர்த் தந்துகியில், சுற்றியுள்ள திசுவில் என்ன அழுத்தமோ அதே அளவுதான். இந்த இறங்குமுகத்துக்கு ஏற்றபடிதான் சுவரில் தசையும் மீள்நாரும் கூடுவதும் குறைவதும். இது மனதில் பதிந்தால் ஸ்லைடு மாறினாலும் பயமில்லை.

இதற்குச் சான்று வேண்டுமென்றால் டயாலிசிஸ் நோயாளிகளின் கையைப் பாருங்கள். மணிக்கட்டில் ஒரு சிரையைத் தமனியோடு இணைத்து ஃபிஸ்டுலா போடுகிறார்கள். உடனே அதில் ஊசி குத்துவதில்லை; ஒரு மாதத்துக்கும் மேல் காத்திருப்பார்கள். அந்த இடைவெளியில் சிரை விரிந்து, தமனி அழுத்தத்துக்குப் பழகிச் சுவர் தடித்துவிடும். பைபாஸ் அறுவையில் காலிலிருந்து எடுத்து இதயத்தில் தைக்கும் சிரையிலும் இதே மாற்றம் வரும். அங்கே இன்டிமா எனும் உள்ளடுக்கு அளவுக்கு மீறித் தடித்து, சில ஆண்டுகளில் அடைப்பே உண்டாகலாம். அதே சிரைதான், அதே செல்கள்தான். மாறியது அழுத்தமும் ரத்த ஓட்டமும் மட்டுமே.

இனி ஸ்லைடுக்கு வருவோம். வகுப்பில் தரும் வெட்டுகள் 4 முதல் 5 மைக்ரான் தடிமன் கொண்டவை, ஹீமடாக்சிலின்-ஈயோசின் சாயமிட்டவை. உட்கரு நீலம், மற்றதெல்லாம் இளஞ்சிவப்பின் பல சாயல்கள். அளவுகோல் வெட்டுக்குள்ளேயே இருக்கிறது: ஒரு ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 7 மைக்ரான். ஒரு குழாயின் உள்வெளியில் குறுக்கே எத்தனை சிவப்பணு அடுக்கலாம் என்று எண்ணிப் பழகினால் அது தந்துகியா, நுண்சிரையா, சிறுதமனியா என்பது பாதி முடிவாகிவிடும். எடுத்ததும் 40 மடங்கு லென்ஸுக்குத் தாவாதீர்கள். 4 மடங்கில் முழு வெட்டையும் ஒரு சுற்று சுற்றுங்கள். பெரும்பாலான இடங்களில் தமனி, சிரை, நரம்பு மூன்றும் ஒரே கட்டாகப் போகும். ஒன்றைத் தனியே பார்த்துத் திணறுவதைவிட, பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடுவது பத்து மடங்கு எளிது. சுவர் தடித்து உள்வெளி வட்டமாக இருந்தால் தமனி. சுவர் மெலிந்து, உள்வெளி அகன்று, பாதி அமுங்கி, உள்ளே ரத்தம் தங்கியிருந்தால் சிரை. உயிர் போனபின் தமனித் தசை சுருங்கித் தன் ரத்தத்தைத் தள்ளிவிடுவதால்தான் தமனி பெரும்பாலும் காலியாகத் தெரிகிறது.

சுவரின் மூன்று அடுக்குகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். உள்ளே எண்டோதீலியம் என்ற தட்டைச் செல் விரிப்பும் அதன் கீழ் மெல்லிய இணைப்புத் திசுவும் சேர்ந்த இன்டிமா. நடுவே வட்டமாகச் சுற்றிய மென்தசையும் மீள்நாரும் கொண்ட மீடியா. வெளியே கொலாஜன் மிகுந்த அட்வென்டிஷியா. தமனியில் தடிமனானது மீடியா, சிரையில் தடிமனானது அட்வென்டிஷியா. இந்த ஒரு வரியே தேர்வில் பலமுறை காப்பாற்றும்.

நடுத்தரத் தமனி ஒன்றை நெருங்கிப் பாருங்கள். உள்வெளியை ஒட்டி, பளபளப்பான இளஞ்சிவப்புக் கோடு ஒன்று பாவாடை மடிப்புபோல நெளிந்து நெளிந்து ஓடும். அதுதான் மீள்நாரால் ஆன உள் மீள்தகடு. நுண்ணோக்கியின் கண்டென்சரைச் சற்று இறக்கி, டயஃபிரத்தைக் கொஞ்சம் மூடினால் அது பளிச்சென்று எடுபடும். உயிருள்ள உடலில் இந்தக் கோடு நெளிந்திருப்பதில்லை. ரத்தம் உள்ளிருந்து அழுத்திக்கொண்டே இருப்பதால் அது வழவழப்பான வளையமாக விரிந்திருக்கும். திசுவை வெட்டி எடுத்ததும் அழுத்தம் போய்விடுகிறது, மீடியாவின் தசை சுருங்குகிறது, தன்னால் சுருங்க இயலாத தகடு மடிந்துவிடுகிறது. ஆக நீங்கள் பார்க்கும் நெளிவு, இந்தச் சுவர் உள்ளிருந்து தாங்கிய விசையின் தடயம். எண்டோதீலிய உட்கருக்கள் மடிப்பு முகடுகளில் குமிழ்களாக எட்டிப்பார்ப்பதும், மீடியாவின் தசை உட்கருக்கள் திருகாணிபோல முறுக்கியிருப்பதும் இதே சுருக்கத்தால்தான். மீடியாவில் 10 முதல் 40 வரிசைத் தசை இருக்கும். அதன் வெளி எல்லையில் இன்னொரு மீள்தகடு உண்டு, ஆனால் அது உள்தகடுபோல ஒரே கோடாக இல்லாமல் துண்டுதுண்டாகத் தெரியும்.

மீள்நாரை ஐயமறக் காண வெர்ஹாஃப்–வான் கீசன் சாயம் வேண்டும். மீள்நார் கருப்பு, கொலாஜன் சிவப்பு, தசை மஞ்சள். இந்தச் சாயத்தில் தவறு நேர்வது ஒரே படியில்: அளவுக்கு மீறி ஏறிய கருப்பை 2 விழுக்காடு ஃபெரிக் குளோரைடில் கழுவி இறக்கும்போது. ஓரிரு முக்குக்கு ஒருமுறை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நேரம் தப்பினால் மெல்லிய நார்களெல்லாம் வெளுத்து, நல்ல தமனிகூட மீள்தகடு உடைந்ததுபோலக் காட்டும். பின்னால் வரும் வான் கீசன் கரைசலும் கொஞ்சம் கருப்பை இழுக்கும் என்பதால், "இன்னும் சற்று வெளுக்கலாமே" என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும். இது சின்ன விஷயமில்லை. நெற்றிப்பொட்டுத் தமனியில் ராட்சதச் செல் அழற்சி இருக்கிறதா என்று பயாப்ஸி செய்யும்போது, உள் மீள்தகடு உடைந்திருக்கிறதா என்பதும் தேடப்படும் தடயங்களில் ஒன்று. சாயத்தால் வந்த வெளுப்பையும் நோயால் வந்த உடைப்பையும் குழப்பிக்கொண்டால் நோயாளிக்குத் தேவையில்லாத ஸ்டீராய்டு போகும், அல்லது தேவையான ஸ்டீராய்டு போகாமல் பார்வை பறிபோகும்.

பெருந்தமனி வேறு கதை. இங்கே தனித்த உள் மீள்தகட்டைத் தேடி ஏமாறாதீர்கள், ஏனென்றால் மீடியா முழுவதுமே தகடுகள்தான். வயதுவந்தவரின் மார்புப் பெருந்தமனியில் ஏறத்தாழ 50 மீள்தகடுகள் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக இருக்கும். தகடுகளுக்கு இடையில் தசைச்செல், கொலாஜன், புரோட்டியோகிளைக்கான் சேறு. தகடுகளில் சிறுசிறு ஜன்னல்கள் உண்டு. சத்துப்பொருள் ஊடுருவ அவை வழிவிடுகின்றன. இதயம் துடிக்கும்போது விரிந்து, ஓயும்போது சுருங்கி, விட்டுவிட்டு வரும் ஓட்டத்தைத் தொடரோட்டமாக்குவது இந்த அடுக்குகளின் வேலை. அதனால்தான் இதயக் கீழறையான வெண்ட்ரிக்கிள் தளர்ந்திருக்கும் நேரத்திலும் உங்கள் கீழ் அழுத்தம் 80ல் நிற்கிறது. நுரையீரல் தமனியும் இதே இனம்தான், ஆனால் அதன் சராசரி அழுத்தம் 15 மி.மீ. அளவே. ஆகவே சுவர் மெலிந்தும், மீள்நார் அறுந்த நூல்களாக ஒழுங்கின்றியும் இருக்கும்.

பெருந்தமனிச் சுவருக்கே உணவு எங்கிருந்து வருகிறது என்பது அதைவிடச் சுவையானது. உள்பாதி, உள்ளே ஓடும் ரத்தத்திலிருந்து நேரடியாகக் கசிவதை எடுத்துக்கொள்கிறது. வெளிப்பகுதிக்கு அட்வென்டிஷியாவிலிருந்து நுழையும் நுண்குழாய்கள் உண்டு. வாசா வாசோரம் என்பார்கள், 'குழாய்களின் குழாய்கள்' என்று பொருள். பல பாலூட்டிகளின் பெருந்தமனியை ஒப்பிட்டு, மீடியாவில் 29 தகட்டு அடுக்குகளுக்கு மேல் இருந்தால்தான் இந்த நுண்குழாய்கள் மீடியாவுக்குள் நுழைகின்றன என்று வோலின்ஸ்கியும் கிளாகோவும் 1967ல் காட்டினார்கள். மனிதனின் வயிற்றுப் பெருந்தமனியில் அடுக்குகள் குறைவு, மீடியாவுக்குள் நுண்குழாயும் இல்லை. ஆனால் ஒவ்வொரு அடுக்கும் சுமக்கும் இழுவிசை அதிகம். வீக்கம் கண்டு வெடிக்கும் இடமாகச் சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழ்ப்பட்ட வயிற்றுப் பெருந்தமனி அடிக்கடி அமைவதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மாறாக, சிஃபிலிஸ் தாக்குவது மேலேறும் பெருந்தமனியை, அதுவும் வாசா வாசோரத்தை அடைத்து. நுண்குழாய் எங்கே இருக்கிறதோ அங்கேதானே அந்த நோய்க்கு வேலை! மார்ஃபான் நோயில் ஃபிப்ரிலின் குறைபாட்டால் தகடுகள் துண்டாகி, இடையில் நீலக் குட்டைகளாகப் புரோட்டியோகிளைக்கான் தேங்கும். அல்சியன் புளூ சாயம் போட்டால் கண்ணைப் பறிக்கும்.

சிறுதமனி என்பது 100 மைக்ரானுக்கும் குறைந்த குறுக்களவும் ஒன்றிரண்டு வரிசைத் தசையும் கொண்ட குழாய். பார்க்க அற்பம், ஆனால் உடலின் மொத்த ரத்த அழுத்தம் இதன் பிடியில்தான் இருக்கிறது. ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுவதால், ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்றாகிவிடும். நீரிழிவிலும் உயர் ரத்த அழுத்தத்திலும் இந்தச் சுவரில் கண்ணாடிபோன்ற ஒரே சீரான இளஞ்சிவப்புப் பொருள் படிந்து தசைச்செல்கள் மறைந்துபோகும். சிறுநீரகப் பயாப்ஸியில் அடிக்கடி காணக் கிடைப்பது.

தந்துகியில் நீண்ட நேரம் நிற்க வேண்டாம். உள்ளே 5 முதல் 10 மைக்ரான். சிவப்பணுக்கள் ஒற்றை வரிசையில்தான் போக முடியும். குறுக்குவெட்டில் ஒரேயொரு எண்டோதீலியச் செல் மோதிரம்போல வளைந்திருக்கும், உட்கரு மோதிரக்கல்போல ஒருபக்கம் துருத்தும். மூன்று வகைகளை ஒளி நுண்ணோக்கியில் பிரித்தறிய முயலாதீர்கள். துளைகள் 60 முதல் 80 நானோமீட்டர் மட்டுமே என்பதால் அது எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வேலை. தசை, மூளை, நுரையீரலில் தொடர்சுவர். குடல், சிறுநீரகம், நாளமில்லாச் சுரப்பிகளில் துளைச்சுவர். கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் அகன்ற, இடைவெளி விட்ட சைனுசாய்டு என்று உறுப்பை வைத்தே சொல்லிவிடலாம்.

தந்துகிக்கு அடுத்து வரும் நுண்சிரையைத்தான் மாணவர்கள் கவனிக்காமல் விடுகிறார்கள். 10 முதல் 30 மைக்ரான் அகலம், சுவரில் தசை இல்லை, எண்டோதீலியமும் அதை வெளியே அணைத்திருக்கும் பெரிசைட் செல்லும் மட்டும். கொசு கடித்த இடம் தடிப்பதும், சீழ்க்கட்டிக்கு வெள்ளணுக்கள் ஓடி வருவதும் இந்தக் குழாய் வழியாகத்தான். ஹிஸ்டமின் பட்டதும் இங்கேதான் செல்களுக்கிடையே இடைவெளி விழுகிறது. எண்டோதீலியச் செல்லுக்குள் கோல்போன்ற சிறு உறைகள் இருப்பதை வைபலும் பலாடேயும் 1964ல் விவரித்தார்கள். ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் காரணியும், வெள்ளணுவைப் பிடிக்கும் பி-செலக்டினும் அவற்றுள் தயாராகக் காத்திருக்கின்றன. தூண்டியதும் பி-செலக்டின் மேற்பரப்புக்கு வந்து வெள்ளணுவைத் தடுக்கி உருளச் செய்கிறது. நிணநீர் முடிச்சில் இதே வகைக் குழாயின் எண்டோதீலியம் தட்டையாக இல்லாமல் கனசதுரமாகத் தடித்திருக்கும். லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து முடிச்சுக்குள் இறங்கும் வாசல் அது. மண்ணீரலில் இந்த வாசல் கிடையாது. ஆகவே இரண்டு ஸ்லைடையும் குழப்பிக்கொள்பவர்களுக்கு இது நல்ல அடையாளம்.

பெரிய சிரைகளில் உங்களை ஏமாற்றக்கூடியவை சில உண்டு. பெருஞ்சிரையின் அட்வென்டிஷியாவில் நீளவாக்கில் ஓடும் தசைக்கட்டுகள் இருக்கும். குறுக்குவெட்டில் அவை புள்ளிக்கூட்டங்களாகத் தெரியும். பார்த்ததும் "தசை தடித்திருக்கிறது, தமனி" என்று எழுதிவிடுவார்கள். தசை எந்த அடுக்கில், எந்தத் திசையில் என்று பாருங்கள். காலின் சஃபீனஸ் சிரை, நிற்கும்போது இதயம் வரை உள்ள ரத்தத்தின் எடையைத் தாங்க வேண்டும். அதனால் அதன் மீடியா அசாதாரணமாகத் தடித்திருக்கும். அங்கே உதவுவது உள் மீள்தகடு: தமனியில் அறுபடாத ஒற்றைக்கோடு, சிரையில் மெலிந்து விட்டுவிட்டு. மூளைத் தமனியில் வெளி மீள்தகடே இல்லை, மீடியாவும் மெலிவு. கிளை பிரியும் முனையில் அந்த மெலிவுதான் பெர்ரி அனூரிசம் என்ற குமிழ்வீக்கமாகப் புடைக்கிறது. எல்லாவற்றிலும் விசித்திரம் தொப்புள்கொடி. அதில் மீள்தகடு நன்றாக இருப்பது சிரையில், தமனிகளில் அது இல்லை. அங்கே தகட்டைத் தேடாமல், தசை தடித்துச் சுருங்கிய இரண்டு குழாய், உள்வெளி அகன்ற ஒரு குழாய் என்று எண்ணிக்கையை வைத்துச் சொல்லுங்கள்.

நிணநீர்க்குழாயைக் காண்பதில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். நியாயம்தான், காண்பதற்கு அங்கே ஏதும் இல்லை என்பதே அதன் அடையாளம். நிணநீர்த் தந்துகி திசுவுக்குள் ஒருமுனை மூடிய விரலாகத் தொடங்குகிறது. சுவர் எண்டோதீலியம் மட்டுமே. அடித்தளப் படலம் துண்டுதுண்டாக, அல்லது அறவே இல்லாமல். பெரிசைட்டும் இல்லை. உள்வெளி ஒழுங்கற்றது, கோணலானது. உள்ளே சிவப்பணு இருக்காது. வெளிறிய இளஞ்சிவப்பு நீர்மமும் ஓரிரு லிம்ஃபோசைட்டும் இருக்கலாம். இவ்வளவு மெல்லிய குழாய், திசு வீங்கும்போது நசுங்கி மூடிவிட வேண்டாமா? மூடாது, மாறாக விரியும். எண்டோதீலியத்தின் வெளிப்புறத்திலிருந்து நங்கூர இழைகள் புறப்பட்டுச் சுற்றியுள்ள கொலாஜனில் கட்டப்பட்டிருக்கின்றன. திசுவில் நீர் சேர்ந்து நார்கள் விலக விலக, இழைகள் சுவரை வெளியே இழுக்கும். ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் செல் ஓரங்கள் உள்நோக்கித் திறக்கும் கதவுகளாகி நீர்மத்தை உள்ளே விடும். உள்ளே அழுத்தம் ஏறியதும் அதே ஓரங்கள் மூடிக்கொள்ளும்.

தந்துகிகள் சேர்ந்து உருவாகும் சேகரிப்புக் குழாய்களில் சில மில்லிமீட்டருக்கு ஒரு வால்வும், இரண்டு வால்வுகளுக்கு இடையே தானாகச் சுருங்கும் தசையும் உண்டு. நீளவெட்டில் மணிகோத்த மாலைபோலத் தெரியும். மெல்லிய சுவரும் வால்வும் சேர்ந்து கண்ணில் பட்டால் உள்ளே இருப்பதைப் பாருங்கள்: சிவப்பணு நிறைந்திருந்தால் சிறு சிரை, இல்லையென்றால் நிணநீர். உடலின் மிகப் பெரிய நிணநீர்க்குழாயான தொராசிக் டக்ட்டில் மூன்று அடுக்கும் உண்டு என்றாலும் எல்லை மங்கல். தசை நீளவாக்கிலும் வட்டமாகவும் கலந்து ஓடும், சிரையைவிடத் தசை தூக்கலாக இருக்கும். இதன் வழியாக நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் நிணநீர் கழுத்தின் இடப்பக்கச் சிரைச் சந்திப்பில் ரத்தத்தோடு சேர்கிறது.

பொய்க்குழாய்களைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். பார்மலினிலும் ஆல்கஹாலிலும் திசு சுருங்கும்போது, செல்கூட்டத்துக்கும் அதைச் சுற்றிய இணைப்புத் திசுவுக்கும் நடுவே வெற்றிடம் விழும். அதற்குள் புற்றுசெல்கள் இருந்துவிட்டால் அப்படியே "நிணநீர்க்குழாயில் புற்று பரவியிருக்கிறது" என்று தோன்றும். சோதனை எளிது: வெற்றிடத்தின் ஓரத்தில் தட்டையான எண்டோதீலிய உட்கரு இருக்கிறதா? உள்ளே இருக்கும் செல்கூட்டத்தின் வடிவம் வெற்றிடத்தின் வடிவத்தை அச்சாக ஒத்திருக்கிறதா? ஒத்திருந்தால் அது பெரும்பாலும் சுருக்கத்தால் விழுந்த இடைவெளிதான். ஐயம் தீராவிட்டால் டி2-40 எதிர்ப்பொருள் சாயம். அது நிணநீர் எண்டோதீலியத்தில் ஏறும், ரத்தக்குழாயில் ஏறாது. சிடி31 எதிர்ப்பொருள் இரண்டிலும் ஏறும். ஆனால் மார்பகத்தில் பால்நாளத்தைச் சூழ்ந்த மயோஎபிதீலியச் செல்களும் டி2-40ஐ ஏற்கும் என்பதை மறந்தால், பால்நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் புற்றைப் பரவிய புற்று என்று எழுத நேரிடும். ஒரு பெண்ணின் சிகிச்சைத் திட்டமே அந்த வரியில் மாறும்.

யானைக்கால் நோயை நம் ஊர்களில் அறியாதவர் இல்லை. காவிரிப் படுகையில் அது நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. இலங்கை 2016ல் அதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. இந்த நோயைத் தரும் வுச்சரேரியா புழு குடியிருப்பது இந்தச் சேகரிப்புக் குழாய்களில். பெண் புழு 8 முதல் 10 செ.மீ. நீளம், தடிமன் கால் மில்லிமீட்டர். உயிரோடு இருக்கும்வரை பெரிய அழற்சி இல்லாமலே குழாய் அகன்று வால்வு பொருந்தாமல் போகும். புழு சாகும்போது அதைச் சுற்றி ஈயோசினோஃபிலும் கிரானுலோமாவும் சூழ்ந்து குழாய் அடைபடும். வால்வு கெட்ட பின் புழுவைக் கொன்றாலும் வீக்கம் இறங்காததற்குக் காரணம் இந்தச் சுவரில்தான் இருக்கிறது. அதனால்தான் காலைச் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்கைப் புண்ணின்றிக் காப்பது மருந்துக்கு இணையான சிகிச்சையாகிறது.

இனி இதயச் சுவர். எது உள்பக்கம் என்ற கேள்விக்கு ஒரே வரி: கொழுப்பு இருக்கும் பக்கம் வெளி. எபிகார்டியத்தில் கொழுப்புச் செல்கள், நரம்புகள், கரோனரிக் குழாய்களின் பெரிய கிளைகள் எல்லாம் குவிந்திருக்கும், மேலே ஒற்றை வரிசை மீசோதீலியம். உள்பக்கம் எண்டோகார்டியம்: எண்டோதீலியம், அதன் கீழ் மீள்நாரும் கொஞ்சம் தசையும், அதற்கும் கீழே தளர்ந்த ஒரு படுகை. ஆனால் வலது வெண்ட்ரிக்கிளில், குறிப்பாக வயதானவர்களிடம், கொழுப்பு தசைக்குள்ளும் ஊடுருவியிருக்கும். அதைக் கண்டதும் நோய் என்று முடிவுகட்ட வேண்டாம். இங்கும் அழுத்தமே தடிமனைத் தீர்மானிக்கிறது. இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் பிணக்கூறாய்வில் 12 முதல் 15 மி.மீ., வலது 3 முதல் 5 மி.மீ.

நடுவிலுள்ள தசையடுக்கான மயோகார்டியத்தின் செல் 80 முதல் 100 மைக்ரான் நீளம், 15 மைக்ரான் அளவு அகலம், கிளைத்தது, நடுவே ஒரு உட்கரு, சிலவற்றில் இரண்டு. எலும்புத்தசையில் உட்கரு ஓரத்தில் வரிசையாக ஒதுங்கியிருக்கும், கிளை இருக்காது. குறுக்குவெட்டில் உட்கரு இல்லாத செல்கள் ஏராளமாகத் தெரிவதைக் கண்டு குழம்பாதீர்கள். 100 மைக்ரான் நீளச் செல்லை 5 மைக்ரான் துண்டாக வெட்டினால் உட்கரு எல்லாத் துண்டிலும் அகப்படாது. உட்கருவின் இரு முனைகளிலும் வெளிறிய கூம்பு, அதில் வயதானவர்களிடம் லிப்போஃபுசின் என்ற பழுப்பு நிறமி. செல்களுக்கு இடையே தந்துகி நெரிசலாக இருக்கும், ஏறத்தாழ செல்லுக்கு ஒன்று. உயர் ரத்த அழுத்தத்தில் செல் அகலம் கூடி, உட்கரு பெருத்துப் பெட்டிபோலச் சதுரமாகும். தந்துகி அந்த வேகத்தில் பெருகுவதில்லை.

இன்டர்கேலேடட் டிஸ்க்கைக் காண நீளவெட்டுப் பகுதியைத் தேடுங்கள். செல்லோடு செல் சேருமிடத்தில் குறுக்கே ஓடும் அடர்கோடு, படிக்கட்டுபோலச் சற்று ஏறி இறங்கிப் போகும். தசையின் குறுக்கு வரிகளைவிடத் தடித்தது, ஒழுங்கற்றது. ஈயோசினில் மங்கலாகத்தான் தெரியும். டயஃபிரத்தை மூடிப் பாருங்கள், பாஸ்போடங்ஸ்டிக் ஹீமடாக்சிலின் ஸ்லைடு இருந்தால் கேட்டு வாங்குங்கள். படிக்கட்டின் குறுக்குப் பகுதியில் இழுவையைத் தாங்கும் ஒட்டுகள், டெஸ்மோசோம் உட்பட. நீளப் பகுதியில், இழுவை படாத இடத்தில், மின்துடிப்பைக் கடத்தும் இடைவெளிச் சந்திப்புகள். எதை எங்கே வைத்தால் கிழியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மின்துடிப்பை வெண்ட்ரிக்கிள் தசைக்குக் கொண்டுசெல்லும் பர்கின்ஜி நாரைத் தேடுவது எண்டோகார்டியத்துக்கு அடியிலுள்ள அந்தத் தளர்ந்த படுகையில். பர்கின்ஜி இவற்றை 1839ல் விவரித்தது ஆட்டின் இதயத்தில்தான். ஆடு, மாட்டில் இவை பருத்து வெளிறி எளிதில் தெரியும். பயிற்சிக்கு ஆட்டு இதய ஸ்லைடு தருவதன் காரணம் அதுவே. மனித இதயத்தில் வேறுபாடு அவ்வளவு பளிச்சென்று இருக்காது. செல் வெளிறுவது கிளைக்கோஜனால். சுருங்கு நார்கள் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். வால்வில் தசையோ ரத்தக்குழாயோ தேடாதீர்கள். அடர்ந்த கொலாஜன் தகடு, நடுவே பஞ்சுபோன்ற படுகை, ஓட்டம் வரும் பக்கம் மீள்நார். வால்வு இதழின் நடுவே தடித்த சுவருள்ள ரத்தக்குழாய்களைக் கண்டால் அங்கே பழைய அழற்சி நடந்து ஆறியிருக்கிறது என்று பொருள்; ருமாட்டிக் காய்ச்சல் முதலில் நினைவுக்கு வரட்டும்.

மாரடைப்பு ஸ்லைடு தந்தால், செல்களைப் பார்த்து நேரத்தைச் சொல்லலாம். முதல் சில மணி நேரத்தில் ஒளி நுண்ணோக்கியில் எதுவும் தெரியாது. ஓரங்களில் நார்கள் அலையலையாக நெளிந்திருக்கலாம். 12 முதல் 24 மணி நேரத்தில் செல் அடர்சிவப்பாகி, உட்கரு சுருங்கி, வரிகள் மங்கும். 1 முதல் 3 நாளில் நியூட்ரோஃபில்கள் நிறைந்து நிற்கும். 3 முதல் 7 நாளில் மேக்ரோஃபேஜ்கள் இறந்த தசையை உண்டு அகற்றும். பழைய தசை போய்விட்டது, புதுக் கொலாஜன் இன்னும் வரவில்லை. இதயச் சுவர் கிழியும் ஆபத்து இந்த நாட்களில் அதிகம் என்பதைச் சுவரே சொல்கிறது. 10 நாள் வாக்கில் புதுத் தந்துகிகள் நிறைந்த கிரானுலேஷன் திசு, இரண்டு மாதத்துக்குமேல் செல் அருகிய வெண்தழும்பு. தசைச்செல் திரும்ப முளைத்து அந்த இடத்தை நிரப்புவதில்லை. 25 வயதில் ஆண்டுக்கு 1 விழுக்காடு அளவே இதயத்தசைச் செல்கள் புதுப்பிக்கப்படுகின்றன என்று 2009ல் கார்பன்-14 அளவீட்டில் காட்டினார்கள். முதுமையில் அதிலும் பாதி.

அந்த ஸ்லைடில் இன்னும் ஒரு இடத்தைப் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள். இறந்த பரப்பின் உள்விளிம்பில், எண்டோகார்டியத்தை ஒட்டினாற்போல, 0.1 மி.மீ. அளவு மெல்லிய கீற்றாகச் சில வரிசைத் தசைச்செல்கள் மட்டும் பிழைத்திருக்கும். வெளிறி, குமிழ் விழுந்து, ஆனால் உட்கருவோடு. கரோனரித் தமனி அடைபட்ட பிறகும் அவற்றுக்கு ஆக்சிஜன் வந்துகொண்டிருந்தது, பெருந்தமனியின் உள்பாதிக்கு வருவதுபோலவே, வெண்ட்ரிக்கிளின் அறைக்குள் இருந்த ரத்தத்திலிருந்து கசிந்து.